கை என்ற சொல்

ஜனவரி 14, செவ்வாய்

லோஜினி அன்ரியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. இன்று நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

மீன் தொழிற்சாலையில் ஓடும் பெல்ற்றில் மீன் துண்டுகள் வரும்போது அவர் எப்போதும் மீனோடு கதைப்பார். "வாடி ராசாத்தி, உன்ர முள்ளை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறாய்?" என்பார். பக்கத்தில் நிற்கும் எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. இன்று வாய் மட்டும் ஓடியது.

இடைவேளையில்தான் காரணம் தெரிந்தது. சாப்பாட்டறைக் கதவில் பிளாஸ்ரிக் உறை போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பெல்ற் ஓடும் இடத்தில் நோர்வேஜிய மொழி மட்டும்தான் பேசலாம், பாதுகாப்புக்காக. மீறினால் எழுத்தில் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போகும். தெற்கில் இருக்கும் முதலாளிகள் கையெழுத்து வைத்திருந்தார்கள். போன வருடம் ஒருவருக்குச் சொன்னது விளங்காமல் விபத்து நடக்கப் பார்த்ததாம், அதற்காகவாம்.

எனக்கு இதில் நட்டம் இல்லை. நான் எந்த மொழியிலும் கதைப்பது குறைவு. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். வகுப்புக்கு முன்னால் நின்று பேசினால்தான் புள்ளி என்றார்கள். நின்றேன். பேச வரவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே நின்ற பிறகு, அடுத்த நாள் நான் போகவில்லை.

ஒன்பது வயதில் இந்த வடக்குக் கரைக்கு வந்தேன். தமிழ் எழுத்து மறக்காமல் இருப்பது அம்மாவின் பிடிவாதத்தால். இந்த நாட்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். எழுதினால் யாருக்கும் கேட்காது.

ஜனவரி 16, வியாழன்

எங்கள் வேலையை மேற்பார்க்கும் போர்மனின் பெயர் கை. தமிழில் அதை வேறு விதமாக எழுத முடியாது. நோர்வேஜிய மொழியில் அது சாதாரண ஆம்பிளைப் பெயர். லோஜினி அன்ரி வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை விட்டுவைக்கவில்லை. போர்மன் பக்கத்தில் வந்தால் "கை நீளுது" என்பார். லீவில் போனால் "இண்டைக்குக் கை உடைஞ்சு போச்சு" என்பார். அவர் சம்பள உயர்வு கேட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு மறந்தபோது, "கை விட்டுட்டுது பிள்ளை" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கையும் என்னைப் பார்த்துச் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

கை நல்லவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த எனக்கு வேலை தந்தது அவர்தான். என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தாத ஒரே நோர்வேஜியரும் அவர்தான். காட்டித் தருவார், நான் தலையாட்டுவேன், அவர் போய்விடுவார்.

இப்போது அந்தப் பகிடிகளும் இல்லை.

ஜனவரி 22, புதன்

லோஜினி அன்ரிக்கு முதல் எச்சரிக்கை. என்னோடு தமிழில் கதைத்தாராம். உண்மைதான். என் ஏப்ரன் முடிச்சு அவிழ்ந்திருந்தது, "கட்டு பிள்ளை, இழுத்துக்கொண்டு போகும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அலுவலகத்தில் இருந்து வந்த பெண் அவருடைய பெயரை மட்டும் எழுதினாள். தலையாட்டுவது எந்த மொழியிலும் சேராது.

வீட்டுக்கு வரும்போது பனி கொட்டியது. லோஜினி அன்ரி எங்கள் வீட்டின் கீழ் அறையில்தான் இருக்கிறார். படியில் ஒன்றாகப் பனி தள்ளினோம். அவர் கோபப்படவில்லை. "முடிச்சைக் கட்டினியா, அது காணும்" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

இரண்டாவது எச்சரிக்கை. ஐஸ் பெட்டி காலில் விழுந்தது. "மடு மாதாவே" என்று கூப்பிட்டார். அன்ரி மன்னார்க்காரி, அந்த மாதா கோயில் அங்கேதான், வேறு யாரைக் கூப்பிடுவார்.

யூனியனில் இருக்கும் இங்கெர் இதைக் கேட்டுவிட்டு, மாதாவை நோர்வேஜிய மொழியில் கூப்பிட வேண்டுமென்றால் மாதாவுக்கும் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்ரிக்குக் கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக் கீழே கொடுத்துவிட்டார். இன்னும் ஒன்று வந்தால் என்ன செய்வாள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.

பிப்ரவரி 5, புதன்

மீன் தோல் உரிக்கிற மெசினுக்குள் லோஜினி அன்ரியின் கையுறை போனது. கை போகவில்லை. யாரோ கத்தினார்கள். மெசின் நின்றது.

வேறு எழுத வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் கை என்னிடம் வந்தார். இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நேற்று நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய், அதனால்தான் திரும்பிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், கூப்பிட்டிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை என்றார். கண் கலங்கியிருந்தது. வயதான ஒருவர் என் முன்னால் அப்படி நின்றதில்லை.

நீதானே என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சாப்பாட்டறையில் கேக். சொக்லேற் கேக், மேலே வெள்ளைக் கிரீமில் வினோஜா என்று என் பெயர், ஒரு எழுத்துப் பிழையோடு. கையின் மனைவி செய்தாராம். எல்லோரும் கை தட்டினார்கள். லோஜினி அன்ரியும் தட்டினார். மெசினில் இழுபட்ட மணிக்கட்டில் பன்டேஜ் சுற்றியிருந்ததால் மெதுவாகத் தட்டினார். "நல்லா இருக்கு, என்ன?" என்று சைகையால் கேட்டார். நல்லாத்தான் இருந்தது.

பின்னேரம் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நேற்று முன்தினம் மெசினுக்குப் பக்கத்தில் தமிழில் கத்தியதற்கு மூன்றாவது எச்சரிக்கை. அதனோடு வேலைநீக்கக் கடிதம். கை எழுதிய விபத்து அறிக்கையில் இருந்தது இதுதான்: இளம் தொழிலாளி விதிப்படி போர்மனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மற்றவர் தன் மொழியில் கத்தினார்.

கேக்கில் பாதி மிஞ்சியது. என்னிடம் கட்டித் தந்தார்கள். வழியில் துறைமுகத்துக் குப்பைப் பெட்டியில் போட்டேன். பிறகு வீணாக்கிவிட்டேனே என்று இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்ரிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவருடைய கணவர் யூட் இன்னும் ஊரில், மன்னாரில். அவரை இங்கே கூப்பிடுவதற்கு அன்ரி விண்ணப்பம் போட்டிருக்கிறார். கூப்பிடுகிறவருக்கு நிரந்தர வேலையும் போதிய வருமானமும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வேலை போனால் விண்ணப்பமும் போகும், திரும்ப முதலில் இருந்து. அன்ரிக்கு முப்பத்தொன்பது வயது. பிள்ளை வேண்டும் என்று மாதாவிடம் நேர்த்தி வைத்திருக்கிறார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்லும்போது நான் மாவு அரித்துக்கொண்டு நின்றேன்.

இன்று அவருடைய அக்காவும் அத்தானும் போனில். அவர்கள் சுவிசில், அத்தானின் தம்பி ஜெர்மனியில், மூவரும் ஒரே திரையில். சுவிசில் தனியார் முதலாளி ஒருவர் இப்படிச் செய்தால் பிடிக்கப் பொதுவான சட்டம் ஒன்றே இல்லை, சும்மா வாயை மூடிக்கொண்டு வேறு வேலை பார் என்று அக்கா சொன்னார். ஜெர்மனிக்காரர், எங்களுக்குச் சட்டம் இருக்கு, ஆனால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் பேப்பரைச் சுருட்டி வைக்கலாம் என்றார்.

"எங்கட நாட்டில அப்பிடிக் கெதியா ஒண்டும் நடக்காது" என்று அக்கா சொன்னதும், "அக்கா, உங்கட நாடெண்டு இப்ப எதைச் சொல்லுறியள்?" என்று லோஜினி அன்ரி கேட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

இங்கெர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா தேத்தண்ணியும் வடையும் வைத்தார். அவள் சொன்னதை அம்மாவுக்காகத் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னேன். வீட்டுக்குள் என்றால் எனக்குக் குரல் வரும்.

இந்த நாட்டில் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் ஒன்று இருக்கிறது. இனத்தால் வேறுபாடு காட்டக் கூடாது, இனம் என்றால் அதற்குள் மொழியும் அடங்கும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மொழிக்கு விதி போடலாம், ஆனால் ஒரு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு அந்த விதி இல்லாமல் முடியாது என்று இருக்க வேண்டும், அளவுக்கு மீறியும் போகக் கூடாது. அதை நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். முறையிடுவதற்கு ஒரு சபை இருக்கிறது, காசு இல்லை. விதி பிழை என்று சபை சொன்னால் மூன்று எச்சரிக்கையும் விழும், வேலைநீக்கமும் விழும். வேலைநீக்கத்தை யூனியன் எதிர்ப்பதால் அதுவரை அன்ரி வேலையில் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டேன். இங்கெர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சாமி மொழி பேசியதற்காகப் பள்ளிக்கூட விடுதியில் அடி வாங்கியவராம். கடைசிவரை தன் பிள்ளைகளோடு அந்த மொழியில் ஒரு சொல்லும் பேசவில்லையாம்.

"சாமி மொழியோ? சமஸ்கிருதமோ?" என்றார் அன்ரி என்னிடம்.

இந்த வடக்கில் முதலில் இருந்தே இருந்த சனத்தின் பெயர் சாமி என்று சொன்னேன். அன்ரி வடைத் தட்டை இங்கெருக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மீன் மலை மலையாக வருகிறது. கை வலிக்கிறது. என்னுடையது.

ஏப்ரல் 2, புதன்

அன்ரியை ஐஸ் அறைக்கு மாற்றிவிட்டார்கள். என் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.

சபைக்கு முதலாளிகள் அனுப்பிய பதிலை இங்கெர் இடைவேளையில் எனக்கு வாசித்துக் காட்டினாள். பிப்ரவரி ஐந்தாம் திகதிதான் அவர்களுடைய பெரிய ஆதாரம். பொதுமொழி ஒன்று இருந்ததால், ஒரு சிறுபெண் போர்மனைப் பெயர் சொல்லி அழைக்க, ஒரு கை காப்பாற்றப்பட்டது, விதி இல்லாமல் அந்தக் கை இல்லை என்று எழுதியிருந்தார்கள். இங்கெர் பெருமூச்சு விட்டாள். இது பலமான வாதம், உன்னைக் குறை சொல்லவில்லை, நீ செய்தது சரி, ஆனால் இது எங்களைச் சாய்த்துவிடும் என்றாள்.

தலையாட்டினேன்.

எழுதிவிடுகிறேன். நான் போர்மனைக் கூப்பிடவில்லை. எனக்கு அந்த நேரம் போர்மன் எங்கே நின்றார் என்றே தெரியாது. மெசினின் உருளை கையுறையின் நுனியைப் பிடித்ததைப் பார்த்தேன். அன்ரி மற்றப் பக்கம் திரும்பி நின்றார். "கை! அன்ரி, கை!" என்று கத்தினேன். அன்ரி கையை உருவி எடுத்தார், கையுறை மட்டும் உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் மெசின் நின்றது. நோர்வேஜிய மொழியில் கையை என்னவென்று சொல்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அந்தச் சொல் எனக்குள் இருக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கீழே போனேன். அன்ரி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கி நின்றுவிட்டேன். அவர் ஒரு காலுறையின் சோடியைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"தெரியும் பிள்ளை. என்ர காதுக்குள்ளதானே கத்தினனி."

ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உனக்கும் ஒரு கடிதம் வரும். பிறகு அந்தப் போர்மன் மனுசனுக்கு முன்னால நீ நிண்டு கதைக்கோணும். பள்ளிக்கூடத்திலயே கதைக்க ஏலாமல் ஓடி வந்த பிள்ளை. எனக்கு என்ர கை இருக்கு, அது காணும்."

காலுறை கிடைத்துவிட்டது. சாப்பிட்டியா என்று கேட்டார்.

ஜூன் 19, வியாழன்

சூரியன் மறைவதே இல்லை. ஜன்னலுக்கு அம்மா கறுப்புத் துணி தைத்தார். யூட் அங்கிள் போனில், அங்கே வந்தால் எனக்கு மீன் வெட்டத் தெரியும், கடலிலே பிறந்தவன் என்றாராம். அன்ரி இதை மூன்று முறை சொன்னார்.

ஓகஸ்ட் 27, புதன்

கை எனக்குத் தோல் உரிக்கிற மெசினைப் பழக்குகிறார். சம்பளம் கொஞ்சம் கூடும். நீ நாளைக்கு என் இடத்துக்கு வருவாய் என்று பகிடி விட்டார். போர்மன் என்றால் பேச வேண்டுமே என்று நினைத்தேன். அது அவருக்கு விளங்கியதோ தெரியாது, நான் குறைவாகப் பேசியே இருபது வருடம் ஓட்டிவிட்டேன் என்றார். இவருக்கு நான் பொய் சொன்னேன். ஒரு சொல்லும் பேசாமல் சொன்னேன்.

செப்டெம்பர் 29, திங்கள்

வியாழக்கிழமை சபை கூடுகிறது. திரையில்தான், நகரசபை நூலகத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். முதலாளிகள் கையைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னையும்.

இங்கெரிடம் சொன்னேன். வேலை முடிந்து அவள் காருக்குள் இருந்தபோது, கண்ணாடியைத் தட்டி, உள்ளே ஏறி, எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவள் என்ஜினை நிறுத்தினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன். சாட்சி சொன்னவரைப் பழிவாங்கவும் அந்தச் சட்டம் விடாது என்றாள். நீ சொல்லாவிட்டாலும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அது உன் வாயில் இருந்துதான் வர வேண்டும் என்றாள்.

வாயைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு இலேசாகச் சொல்கிறார்கள்.

ஒக்டோபர் 1, புதன்

அம்மா என் நீலச் சட்டையை ஸ்திரி போட்டு வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொத்தமல்லி அவித்துத் தந்தார், தொண்டைக்கு நல்லதாம்.

ஒக்டோபர் 2, வியாழன்

அறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் லோஜினி அன்ரி, இங்கெர். மறுபக்கம் கை, முதலாளிகளின் வழக்கறிஞர். நான் மேசையின் முனையில். திரையில் சபையின் மூன்று பேர், குறிப்பெடுக்கும் ஒரு பெண், அன்ரிக்காக ஒஸ்லோவில் இருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். நடுவில் இருந்தவர்தான் தலைவி. கண்ணாடி போட்ட, அமைதியான மனுசி.

அன்ரியிடம் கேட்டார்கள். மூன்று முறையும் தமிழில் பேசியது உண்மையா என்று. ஓம் என்றார். மெசினுக்குப் பக்கத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். மாதாவைக் கூப்பிட்டேன் என்றார். அதற்கு முன்னால் யார் கத்தியது, என்ன கத்தியது என்று கேட்டார்கள். அன்ரி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, ஞாபகம் இல்லை என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையே சொன்னார். வழக்கறிஞர் எழுதிக்கொண்டார்.

பிறகு கை. அவர் நேற்று முடி வெட்டியிருந்தார். விதி தன்னுடையது இல்லை, ஆனால் அன்று அது உதவியது என்று நேர்மையாக நம்புவதாகச் சொன்னார். தலைவி, உங்கள் பெயர்தான் கேட்டது என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"இரண்டு தரம் கூப்பிட்டாள். அதுக்கு முன்னால நான் அவளுடைய குரலைக் கேட்டதே இல்லை. அவள் வாய் திறந்து சொன்ன முதல் சொல் என்னுடைய பெயர். அதை எப்படி மறப்பேன்?"

அவர் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கேக் தந்த நாளில் பார்த்தது போலவே பார்த்தார்.

தலைவி என் பெயரைக் கூப்பிட்டார். எழுத்துப் பிழை இல்லாமல் உச்சரித்தார். அவசரம் இல்லை, தண்ணீர் குடியுங்கள் என்றார். குடித்தேன். பிப்ரவரி ஐந்தாம் திகதி நீங்கள் போர்மனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா என்று கேட்டார்.

எல்லாம் அப்படியே வந்தது, வகுப்புக்கு முன்னால் நின்றது போல. காதுக்குள் ஒரு இரைச்சல். மேசைக்கு அப்பால் அன்ரி மிக மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் பிள்ளை, விடு என்பது போல.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத் தலைவி இன்னொன்று சொன்னார். தலையாட்டினால் பதிவில் வராது, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் விரும்பிய மொழியில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றார்.

நான் வலது கையைக் கமெராவுக்கு முன்னால் தூக்கினேன். விரல்களை விரித்தேன்.

"இது கை" என்றேன், தமிழில். "இதைத்தான் சொன்னனான். அன்ரியிட்ட. கையை எடுக்கச் சொல்லி."

மொழிபெயர்ப்பாளர் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னார். பிறகு தன் கையையும் தூக்கிக் காட்டி, தமிழில் இந்த உறுப்பின் பெயரும் போர்மனின் பெயரும் காதுக்கு ஒன்றுதான் என்று விளக்கினார். வழக்கறிஞரின் பேனா நின்றது. நான் கையைப் பார்த்தேன், மனிதரை. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, தனக்குத்தானே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்.

குறிப்பெடுத்த பெண், சாட்சி சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்றாள். முழுவதையும் இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகச் சொல்ல முடியுமா என்று தலைவி கேட்டார்.

சொன்னேன்.